வென்ற நாளில் நாங்கள் இல்லை

எங்கள் தோட்டத்து உதைபந்தாட்ட அணி தோற்பதைப் பார்க்க நாங்கள் மூன்று பேர் தவறாமல் போவோம். வெயிலடித்து, வேறு வேலையும் இல்லையென்றால் இன்னும் முப்பது நாற்பது பேர் வருவார்கள். முதல் கோல் வாங்கியதும் அவர்களில் பாதிப் பேர் பீடியை அணைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இரண்டாவது கோலுக்கு மீதிப் பேர். மைதானத்தை ஒட்டிய குறுக்குப் பாதையில் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு ஏறிப் போவது, பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் எங்கள் ஆட்களுக்கு நன்றாகவே கேட்கும். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இலங்கை மலையகத்தில், பசறைக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். நான் அப்போது பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தேன். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதும், பால் கரைத்துக் கொடுப்பதும் என் வேலை. என் அண்ணன் அணியின் கோல் கீப்பர். நெடுநெடுவென்று வளர்ந்தவர். பேச்சு குறைவு. பார்வையும் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அதை வெளியில் சொல்ல விடமாட்டார். எங்கள் பக்கம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் நல்ல கண்ணுள்ளவனுக்கே எதிர்ப்பக்கக் கம்பம் தெரியாது. அதனால் நான் கோலுக்குப் பின்னால் நின்று கத்துவேன்.

"அண்ணே, எடது பக்கம்! கட்டையன் வர்றான்! கீழ, கீழ!"

அம்மாவுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "பொட்டப் புள்ள கிரவுண்டுல நின்னு தொண்டை கிழியக் கத்துறது நல்லாவா இருக்கு? நாளைக்கு ஒருத்தன் கட்டிக்கிட்டுப் போக வேணாமா?" என்பார்.

"அவ கத்தலேன்னா இன்னும் நாலு கோல் சேத்து வாங்கியிருப்பேம்மா," என்பார் அண்ணன். அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

இரண்டாவது ஆள், எங்கள் லயத்தில், அந்த ஒற்றையறை வரிசை வீடுகளில், கடைசிக் காம்பராவில் இருந்த அக்கா. கொழுந்து பறிக்கிறவர். பிள்ளைகள் இல்லை. கணவருக்கு விளையாட்டும் தெரியாது, வேறெதுவும் பெரிதாகத் தெரியாது. அக்காவின் குரல் ஒரு மலையில் கூப்பிட்டால் அடுத்த மலையில் கேட்கும். அவர் நடுவரைத் திட்டுவதைக் கேட்கவென்றே எதிரணி ஆட்கள் சிலர் எங்கள் பக்கம் வந்து நிற்பார்கள். மூன்றாவது ஆள், பசறை பசாரில் தையல் கடை வைத்திருந்த நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். எங்கள் அணிக்குப் பச்சைச் சட்டை தைத்துக் கொடுத்தவர் அவர். ஒரு முறை யாரோ, "தோட்டத்து ஆளுங்க பந்தடிக்கிறதுக்கு நீங்க ஏன் நானா கடையை மூடிட்டு ஓடி வாறீங்க?" என்று கேட்டதற்கு, "என்ட துணியில சேறு படுறத நான் பாக்க வேணாமா?" என்றார். அவ்வளவுதான் காரணம்.

வெயிலுக்கு வருகிறவர்களில் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என் அத்தை மகன். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. எனக்கு அவர், அவருக்கு நான் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். எனக்கும் மனதுக்குள் விருப்பம்தான். ஆனால் பந்து விஷயத்தில் அவரைப் போல ஒரு ஆளை நான் கண்டதில்லை. வென்றால் "நம்ம டீம்". தோற்றால் "ஒங்க டீம்". ஒரே நாளில், இடைவேளைக்கு முன் நம்ம டீமாக இருந்தது இடைவேளைக்குப் பின் ஒங்க டீமாக மாறியதையும் என் காதால் கேட்டிருக்கிறேன்.

"ஒங்க அண்ணன் கையில வெண்ணெயத் தடவிக்கிட்டா நிக்கிறாரு?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நீங்க வந்து நின்னு பாருங்களேன் மச்சான்."

"நான் எதுக்கு? எனக்கென்ன தலையெழுத்தா?" என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தோட்டத்து அணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். அந்த வருடம் அவர்கள்தான் வென்றுகொண்டிருந்தார்கள்.

இப்படியே போயிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது. தோல்விக்கு நாங்கள் பழகிவிட்டோம். கெடுத்தது வெற்றிதான்.

ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து ஒரு இளைஞன் எங்கள் தோட்டத்துக்கு வந்தான். அவனுடைய அக்காவை இங்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் வீட்டில் தங்கி வேலைக்குப் பெயர் பதிந்துகொண்டான். ஒல்லியான ஆள், நிமிர்ந்து பார்த்துப் பேச மாட்டான். முதல் நாள் மைதானத்தில் இறங்கி அவன் பந்தைக் காலில் வாங்கிய விதத்தைப் பார்த்ததும் கடைசிக் காம்பரா அக்கா என் கையைக் கிள்ளினார். "புள்ள, இவன் பந்த ஒதைக்கல, கூட்டிக்கிட்டுப் போறான்!" என்றார்.

அதன்பிறகு நாங்கள் வெல்லத் தொடங்கினோம். முதலில் எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. பதுளை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களுக்கிடையே ஒரு கிண்ணத்துக்காக வருடா வருடம் நடக்கும் ஆட்டங்களில் நாங்கள் முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வருகிறவர்கள். அந்த வருடம் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டினோம்.

கூட்டம் வந்தது. லயம் லயமாக வந்தார்கள். ஆபீஸ் ஆட்கள் உட்காருவதற்குத் தங்கள் வீட்டு வாங்கைத் தூக்கிவந்து கோட்டுக்கு அருகில் போட்டார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர், அதுவரை பந்து வட்டமா சதுரமா என்று தெரியாதவர், ஆட்டம் தொடங்குமுன் எல்லோருக்கும் மாலை போட்டார். கோலுக்குப் பின்னால் எனக்கு நிற்க இடமில்லை. யாரோ ஒரு ஸ்டோர்காரர் அக்காவைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது," என்றார்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாலு வருசமா இங்கதான்யா நிக்கிறேன். அப்ப யாருக்கும் மறைக்கலியே?"

அந்த ஆள் சிரித்தார். பக்கத்தில் நின்ற என் அத்தை மகனும் சிரித்தார். அன்றிலிருந்து இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அவருக்கு அது தெரியவுமில்லை. நம்ம டீம் வென்ற சந்தோஷத்தில் இருந்தார்.

இறுதி ஆட்டம் பதுளை நகரத்து மைதானத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தோட்டத்தை நடத்தும் துரை லொறி கொடுத்தார். காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் லொறி வந்து நின்றபோது அக்காவும் நானும் குளித்து, நல்ல சேலை கட்டி, சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு தயாராக நின்றோம். முதலில் விளையாட்டுக்காரர்கள் ஏறினார்கள். அடுத்து ஆபீஸ் ஆட்கள், அவர்களுடைய பிள்ளைகள், தலைவர், தலைவருடைய மச்சினன்மார், ஸ்டோர் ஆட்கள். நாங்கள் கால் வைக்கப் போனபோது தலைவர் கையை நீட்டி மறித்தார்.

"பொம்பளைகளுக்கு லொறியில எடமில்ல. கோவிச்சுக்காதீங்க."

"முன்னால கிளாக்கர் வீட்டம்மா உக்காந்திருக்காங்களே, அவங்க ஆம்பளையா?" என்றார் அக்கா.

"அது வேற. தகராறு பண்ணாதீங்க, நேரமாகுது."

அண்ணன் உள்ளே மூலையில் நசுங்கிக்கொண்டு நின்றார். "அவ வரணுங்க. எனக்கு அவ வேணும்," என்றார் தலைவரிடம். அண்ணன் அவ்வளவு பேசியதே பெரிது. யாரோ, "ஏன்ப்பா, தங்கச்சி வந்தா தாலாட்டுப் பாடுமா?" என்றதும் லொறி முழுக்கச் சிரிப்பு. அண்ணன் இறங்கப் பார்த்தார். நான்தான், "நீங்க போங்கண்ணே, நாங்க பஸ்ல வந்துருவோம்," என்றேன்.

லொறி புறப்படும்போது அத்தை மகன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "நீ எதுக்கு மழையில அலையிற? வீட்ல இரு. ஒனக்கும் சேத்து நான் பாத்துட்டு வந்து சொல்றேன்!"

நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியாதது.

பசறைக்கு இறங்கியபோது நானா கடையைப் பூட்டிவிட்டுக் குடையோடு எங்களுக்காகக் காத்திருந்தார். பஸ் கிடைத்தது. இரவு முழுக்கப் பெய்த மழை விட்டிருந்தது. ஆனால் ரோட்டோரத்து மேட்டிலிருந்தெல்லாம் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. பாதி வழி போயிருப்போம். ஒரு வளைவில் பஸ் நின்றது. முன்னால் இரண்டு மூன்று வண்டிகள் நின்றன. மலையில் ஒரு பக்கம் அப்படியே இறங்கி ரோட்டை மூடிக் கிடந்தது. ஒரு மரம் வேரோடு குறுக்கே படுத்திருந்தது. எங்கள் லொறி காலையிலேயே தாண்டிப் போய்விட்டிருந்தது.

"மண்ணு அள்ள ஆள் வரணும். இன்னைக்கு முடியாது," என்றார் கண்டக்டர்.

நானா எங்களைப் பார்த்தார். அக்கா சேலையைத் தூக்கிச் செருகினார். "நடப்போம்," என்றார்.

சேற்றில் முழங்கால் வரை இறங்கி, மரத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்தோம். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது வண்டி கிடைக்கும் என்று நம்பினோம். கிடைக்கவில்லை. நடந்தோம். ஓட முடிந்த இடத்தில் ஓடினோம். வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் இதுதான் கடைசி என்று தோன்றும். வழியில் எங்கேயோ அக்கா ஆட்டம் தொடங்கியிருக்கும் என்றார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் மூச்சு வாங்கியதில் அழவும் முடியவில்லை.

பதுளை வீடுகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய இடத்தில் எங்கள் லொறி எதிரே வந்தது. ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. பட்டாசுப் புகை. கூரையின் மேல் என் அத்தை மகன் உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தைத் தலையில் தொப்பி மாதிரிக் கவிழ்த்திருந்தார்.

"நம்ம டீம் வென்னுருச்சு!" என்று கத்தினார். "நீ பாத்திருக்கணும்! அய்யோ, நீ பாத்திருக்கணும்!"

நான் குனிந்து ரோட்டோரத்தில் கல் தேடினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் பின்பக்கமாகக் குதித்து இறங்கினார். சட்டையில் ஒரு இடம் பாக்கியில்லாமல் சேறு. "எங்க புள்ள போன? நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன்," என்றார். மண்சரிவைச் சொன்னேன். அவர் எங்கள் கால்களைப் பார்த்தார். கூரையில் ஏறி, கிண்ணத்தை வாங்கி வந்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானா அதில் வெட்டியிருந்த முந்தைய வருடத்து அணியின் பெயரை விரலால் தடவினார். அதற்குள் தலைவர், "சரி சரி, கொண்டாங்க, கிளாக்கரய்யா புடிக்கணும்," என்று வாங்கிக்கொண்டார்.

எங்களையும் ஏற்றிக்கொண்ட லொறியால் மண்சரிவு வரைதான் போக முடிந்தது. அங்கிருந்து எல்லோரும் நடந்தாக வேண்டும். நாங்கள் அன்று அந்தச் சேற்றை இரண்டாவது முறையாகக் கடந்தோம். நடக்கிற வழியிலாவது கோல் எப்படி விழுந்தது என்று கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஒரே ஒரு கோல்தான் விழுந்திருந்தது, அதுவும் ஆட்டம் முடியப் போகிற நேரத்தில்.

அத்தை மகன் சொன்னார்: "இடது மூலையிலருந்து ஒரே அடி. பந்து அப்படியே வளைஞ்சு போச்சு."

"எங்கய்யா மூலையிலருந்து? தலையால முட்டினான். நான் பாத்தேன்," என்றார் ஒரு ஸ்டோர்காரர்.

"பெனால்டி," என்றார் தலைவர். அவர் எதைப் பார்த்தாரோ!

அண்ணனிடம் கேட்டேன். "மறுபக்கம் பூரா மூட்டம் புள்ள. சத்தம்தான் கேட்டுச்சு," என்றார்.

கோல் போட்டவனையே போய்ப் பிடித்தேன். கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தான். "நீயாவது சொல்லு தம்பி. எப்படிப் போட்ட?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பட்டுச்சுக்கா. போயிருச்சு."

இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. எங்கள் அணி வாங்கிய கோல்கள் ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, யார் காலில் பட்டது, அண்ணன் எந்தக் கையை நீட்டினார் என்று என்னால் சொல்ல முடியும். எங்களுக்குக் கிண்ணம் வாங்கித் தந்த ஒரே கோலைப் பற்றி மட்டும் தெரியாது. அதைப் பார்த்தவர்கள் லொறி நிறைய இருந்தார்கள். ஒருவருக்கும் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த வருடம் பஞ்சம் வந்தது. பாண் ரொட்டிக்கு வரிசை, மாவுக்கு வரிசை. தோட்டத்தில் வேலை நாட்கள் குறைந்தன. வெறும் வயிற்றோடு யார் பந்தடிப்பார்கள்? ஆனாலும் எங்கள் ஆட்கள் இறங்கினார்கள். இடைவேளைக்குப் பிறகு கால் எழாது. தோற்றார்கள். வாங்கு ஆபீஸ் வீட்டுக்குத் திரும்பிப் போனது. தலைவர் மாலையோடு வரவில்லை. மைதானம் மறுபடி எங்கள் மூன்று பேருக்கும் என்று ஆனது.

எனக்கும் அத்தை மகனுக்கும் அந்தப் பஞ்சத்தில்தான் கல்யாணம் நடந்தது. சிக்கனமாக, கோவிலில். கழுத்தில் தாலி ஏறும்போதும் எனக்கு ஒரு பயம் இருந்தது. காற்றடிக்கும் பக்கம் சாய்கிற மனிதர். கஷ்டம் வந்தால் என்னையும் "ஒங்க வீடு, ஒங்க பாடு" என்று விட்டுவிடுவாரோ? அக்காவிடம் வாய்விட்டே சொன்னேன். "பந்து வேற, பொழப்பு வேற புள்ள," என்றார். எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனால் அவர் விடவில்லை. வேலையில்லாத நாட்களில் மொனராகலைப் பக்கம் இறங்கிப் போவார். காடு வெட்டிப் பயிரிடும் சேனைக்காரர்களிடம் கூலிக்கு மண் கொத்தி, மரவள்ளிக்கிழங்கும் குரக்கன் தானியமும் மூட்டையாகக் கட்டித் தோளில் சுமந்து வருவார். தோள் தோலுரிந்து இரத்தம் கட்டியிருக்கும். எங்கள் அம்மா வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். "ஒங்க அண்ணன் இதத் தின்னுட்டாவது நாலு பந்தப் புடிக்கட்டும்," என்று கேலி பேசிக்கொண்டே பெரிய கிழங்காகப் பொறுக்கி எடுத்து வைப்பார். அதே மனிதர் மைதானத்துக்கு ஒரு நாள்கூட வரமாட்டார். "தோக்குறதப் போயி என்னத்தப் பாக்குறது?" என்பார். இப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது? கோபத்தை முழுசாக வைத்துக்கொள்ளக்கூட என்னை விடவில்லை.

பிறகு பாஸ்போர்ட் வரத் தொடங்கியது. இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முதலில் இடது பக்கம் ஆடியவன் போனான். பிறகு அண்ணனுக்கு முன்னால் நின்று தடுக்கிற இரண்டு பேர். ஹல்துமுல்லை இளைஞன் அவன் அக்கா குடும்பத்தோடு போனான். சொல்லிக்கொள்ள வந்தபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு நாள் கடைசிக் காம்பரா அக்கா வந்து என் வீட்டு வாசலில் நின்றார்.

"எங்களுக்கும் வந்துருச்சு புள்ள."

"நீங்களுமா?"

"அவரு எழுதிக் குடுத்துருக்காரு. நான் என்னா செய்ய?"

எனக்கு வந்தது துக்கமில்லை, ஆத்திரம். யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். வென்றால் வருகிறவர்கள் எல்லோரும் இங்கேயே இருந்தார்கள். தலைவர் இருந்தார். கிளாக்கர் இருந்தார். மழையில் நின்றவர்தான் போக வேண்டியிருந்தது.

பதுளை ரயில் நிலையத்துக்கு நானும் அண்ணனும் நானாவும் போனோம். மேடை முழுக்கத் தகரப் பெட்டிகளும் அழுகையும். அக்கா அழவில்லை. ஜன்னலில் இருந்துகொண்டு என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம மெச்சு இருக்குல்ல?"

"இருக்கு."

"நான் இல்லேன்னுட்டு வீட்ல உக்காந்துராத. அந்த மொட்டை ரெப்ரிய நீதான் திட்டணும். கெட்ட வார்த்தை வரலேன்னா நானாக்கிட்ட கேளு."

நானா அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ரயில் நகர்ந்தது. அங்கே போய்ச் சேர்ந்து அக்கா ஒரு முறை யாரையோ கொண்டு கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பதினோரு பேர் சேரவில்லை. ஒன்பது பேரோடு இறங்கினோம். எத்தனை கோல் என்று சொல்லப் போவதில்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், குரல் எழும்பவில்லை. நடுவரும் ஒரு முறை எங்கள் பக்கம் திரும்பி, யாரையோ தேடுகிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். ஆட்டம் முடிந்ததும் அண்ணன் கையுறையைக் கழற்றிக் கம்பத்தடியில் வைத்துவிட்டு, "போதும் புள்ள," என்றார். அணி அதோடு கலைந்தது. கிண்ணத்தைச் சங்க ஆட்கள் அதற்குப் பிறகும் மே தின ஊர்வலத்தில் பதுளைத் தெருவழியே தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்களில் ஒருவரும் பந்தைக் காலால் தொட்டவரில்லை.

வருடங்கள் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில், தோட்டத்துப் பையன்கள் வலைக்கு மேல் கையால் அடிக்கிற கரப்பந்து ஆடத் தொடங்கினார்கள். அதற்கு ஆறு பேர் போதும். சமமான இடமும் கொஞ்சம் போதும். என் கணவர் தலைகால் புரியாமல் அலைந்தார். கம்பு நட்டார், வலை கட்டினார், தலைவரிடம் போய்ப் பந்து வாங்கி வந்தார். "நம்ம டீம் இந்தத் தடவை பதுளையே நடுங்குற மாதிரி அடிக்கப் போகுது. நீ வந்து கத்தணும். ஒன் தொண்டைதான் இவனுகளுக்கு வேணும்," என்றார்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் போனேன். கத்தவும் செய்தேன். பையன்கள் படுமோசமாகத் தோற்றார்கள்.

வீட்டுக்கு ஏறி வரும்போது அவர் முன்னால் நடந்தார். லயத்துக்குக் கிட்ட வந்ததும் செருமிக்கொண்டார்.

"அடுத்த ஞாயித்துக்கெழம பசறையில எனக்கு ஒரு வேலை இருக்கு."

"என்னா வேலை?"

"அது… இருக்கு. நீயும் அலையாத. இவனுக தேற மாட்டானுக."

"சரிங்க. நீங்க பசறைக்குப் போங்க," என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. சின்ன மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவள் தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுவிட்டுப் போனேன். வலைக்குப் பக்கத்தில் வேறு ஒருவரும் இல்லை. பையன்கள் என்னைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கும் தோற்றார்கள்.